அடுத்த மூச்சுக்கு விட்ட இடம்

இன்று ஆய்வுகூடத்துப் பழைய கணினியைக் காலி செய்யும்போது நம் ஒலிப்பதிவு ஒன்று கைதவறித் திறந்துகொண்டது. முதலில் அந்தச் சத்தம், டப்... டப். பிறகு உன் குரல்: "மருந்து விட்டாச்சுடி." நீ போய் எட்டு மாதமாகிறது.

சோதனையின்போது செய்வதையெல்லாம் மைக்கில் சொல்லிப் பதிவது நம் வழக்கம். கிண்ணத்து நீரில் எலிக்குஞ்சின் மூளைத்தண்டிலிருந்து வெட்டிய சீவல் கிடக்கும், நகத்தளவுகூட இராது. நுரையீரல் இல்லை, எலியே இல்லை. ஆனாலும் அந்த நரம்புச் செல்கள் 'மூச்சு விடு' என்று கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் ஒலிபெருக்கியில் ஒரு டப். தளர்ந்தால், செரோட்டோனின் என்ற மூளை இரசாயனம் போல வேலை செய்யும் மருந்தை விடுவோம். சத்தம் மறுபடி நெருங்கி வரும். "யாருக்குடி மூச்சு விடுது இது?" என்று கேட்டு நீயே சிரிப்பாய். எனக்குப் பயமாக இருக்கும்.

நீ வீட்டுக்குப் போகும் புசல்லாவை பஸ் போய்விட்டாலும் கருவியை அணைக்க விடமாட்டாய். "தானா நிக்கட்டும். இன்னொன்னு வரும், பொறு." உன்னால் எத்தனை நாள் நானும் கம்பளையில் என் வீட்டுக்குப் பிந்திப் போயிருக்கிறேன்!

கண்டி ஆஸ்பத்திரி வார்டில் உன் மூச்சு விட்டுவிட்டு வந்த அந்தப் பிற்பகல், டொக்டரிடம் நம் மருந்தைப் பற்றிக்கூடக் கேட்டேன். "அது கிண்ணத்துக்குச் சரி மிஸ். இவங்களுக்கு அப்படிக் குடுக்க ஏலாது" என்றார். உன் அம்மா, "பேசும்மா, அவளுக்குக் கேக்கும்" என்றார். நானோ கடிகாரத்தைப் பார்த்து, மூச்சுகளுக்கு இடையிலான விநாடிகளை பஸ் டிக்கட்டின் பின்புறம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்பது. பதினான்கு. இருபத்தொன்று. பழக்கதோஷம். உன் கையைக்கூடப் பிடிக்கவில்லையே என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பதிவை இன்று கடைசிவரை கேட்டேன். சத்தம் தேய்ந்து நின்றது. அணைக்கக் கையை நீட்டியபோது ஒரு நீண்ட மூச்சு கேட்டது. சீவலில் இருந்து அப்படி வராது. மைக்கருகே குனிந்திருந்த உன் மூச்சு அது. கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது, திருப்பிக்கொண்டேன். "இங்கதான்டி இருக்கேன்" என்றேன், அந்த வெறும் அறையில், சத்தமாக.

டிக்கட் என் பையிலேயே இருக்கிறது. இருபத்தொன்றுக்குக் கீழே, அடுத்ததை எழுத அன்று விட்ட இடம் அப்படியே இருக்கிறது.