ரோமாபுரிப் பிரபுவும் வரதனும்

அக். 7, செவ்வாய்

காலையிலேயே சுள்ளென்று வெயில். டெக்சஸின் இந்த ரவுண்ட் ராக் ஊரில் அக்டோபர் என்பது பெயருக்குத்தான். மகள் வீட்டுப் புல் வெட்டியாயிற்று. முட்டி வலித் தைலம் தீர்ந்தது. வாங்க வேண்டும்.

தமிழ்ச் சங்கத் தீபாவளி மலருக்கு என் சரித்திரக் கதை. ரோமாபுரிப் பிரபு ஒருவரின் வாழ்க்கை. ஆறாம் பக்கம் முடிந்தது. நாற்பது யானை, எழுபது தேர். படிப்பு எட்டாவதுதான். ஆனால் இங்கே வரும்போது விமான ஜன்னல் வழியாக ரோமாபுரி முழுவதையும் பார்த்தவன் நான். மாளிகை மாடியில் துணி காய்ந்ததுகூடத் தெரிந்தது.

மலரில் ஒரு கதைக்குத்தான் இடமாம். என்னுடையதுதான். சங்கமே பேசிக்கொள்கிறது.

அக். 8, புதன்

மேகம். காலை நடைப்பயிற்சியில் வரதன். ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், பக்கத்துத் தெருவில் மகன் வீடு.

"நானும் ஒரு ரோமன் பிரபுவைத்தான் எழுதிட்டேன் சார். நீங்க சொன்னதுலேருந்து அந்த ஆளு மனசுல வந்து உக்காந்துட்டான்."

உட்கார்ந்தானாம். என் பிரபு!

என் பக்கங்களையும் வாங்கிப் புரட்டினார். "சார், பிரபு பழைய சோத்துக்குப் பச்சை மிளகாய் கடிக்கிறாரே? மிளகாயே அமெரிக்காவுலேருந்து வந்தது. அப்போ ரோம்ல ஏது?"

"நானும் அமெரிக்காவுல இருந்துதானுங்களே எழுதறேன்?"

வாயடைத்துப் போனார். (சிரித்தார். எல்லாம் ஒன்றுதான்.) வீட்டுக்கு வந்து மிளகாயை அடித்துவிட்டு மிளகு என்று போட்டேன்.

அக். 10, வெள்ளி

வரதன் தன் கதையின் நகலைச் சரசுவிடம் கொடுத்துப் போயிருக்கிறார். என்னிடம் அல்ல, என் மனைவியிடம். அடுப்படியில் நின்றபடியே படித்தாள். மூன்றாவது விசிலில் குக்கரை அணைப்பவள். இன்று ஏழு. பருப்பு கூழ்.

"ஏனுங்க, அந்த ஊர்ல சாஞ்சு படுத்துக்கிட்டுத்தான் சாப்புடுவாங்களாமா. பொண்டாட்டி செத்த பொறகும் அவளுக்கும் சேத்து மஞ்சம் போடச் சொல்றானுங்க அந்தப் பிரபு. வரதண்ணன் என்னமா எழுதியிருக்காங்க!"

அண்ணனாம்.

வரதன் மனைவி போய் இரண்டு வருடம். அதற்கு நான் என்ன செய்ய? என்னிடம் எழுபது தேர். அவரிடம் ஒரு காலி மஞ்சம். என் கதையைப் படித்த அன்று சரசு மூன்று விசிலையும் சரியாகத்தான் எண்ணினாள்.

அக். 11, சனி

மலர் பொறுப்பாளர் நித்யா போன். "அங்கிள், வரதன் அங்கிள் ஸ்டோரியைத்தான் செலக்ட் பண்ணியிருக்கோம். தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா ஃபங்ஷன்ல அதை மேடையில படிக்கணும். அவருக்குப் பாதியிலேயே தொண்டை அடைச்சுக்குதாம். உங்களைக் கேக்கச் சொன்னார்."

பிறவிக் குரல். கரூரில் நான் கூப்பிட்டால் போகிற பஸ் நிற்கும்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன், கெத்தாக. பத்து நிமிடத்தில் நானே கூப்பிட்டுச் சரி என்றேன்.

அக். 12, ஞாயிறு

மழை. கராஜில் வாசித்துப் பழகினேன். சரசு வந்து அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். மஞ்சம் வரும் இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே. எனக்கும் குரல் கொஞ்சம் கம்மியது. கராஜ் தூசி.

"இன்னொருக்காப் படிங்க."

படித்தேன். கதைக்கு மேலே வரதன் பெயர் இருந்தது. அதை மட்டும் வாசிக்கவில்லை.