கிராப்பிக்குச் சாட்சிக் கையெழுத்து

பைன் ரிட்ஜ், மிசிசிப்பி
ஏப்ரல் 14

மிசூரியில் படகுக் கண்காட்சியில் நின்றுகொண்டு உலகத்துக்கே மீன் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் என் கணவர் கார்லிஸ் அவர்களுக்கு, நெல்டா எழுதுவது.

இங்கே நான் சௌக்கியம். நாய் சாப்பிடுகிறது. பின்கதவு மழையில் ஊறி உப்பிப்போய் மூட மாட்டேன் என்கிறது. உங்கள் அம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, என் சோள ரொட்டியில் உப்பே இல்லை என்று சொல்லி, மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார். ஆக, எல்லாம் வழக்கம்போல.

போன் செய்தால் பின்னால் ஒரே மைக் சத்தம். “அப்புறம் பேசறேன் நெல்டா, ஜனங்க காத்திருக்காங்க” என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் காகிதம். இது பேசும்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது.

உங்கள் கவர் வியாழக்கிழமை வந்தது. ஆசையாகத்தான் பிரித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஏரிச் சங்கத்தின் சாதனைப் படிவம். அதன்மேல் ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டு: “சாட்சின்னு இருக்கிற கோட்டுல கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. சர்டிபிகேட் வந்தாத்தான் கம்பெனி என்னை ரெண்டு வருஷத்துக்கு எடுக்கும். போட்டோ அருமையா வந்திருக்கு.” எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். மீனின் நீளம், மீனின் கனம், மீனின் சுற்றளவு என்று அதற்குத்தான் எத்தனை விசாரணை! தூண்டில் முள் எங்கே தைத்தது (வாயில் தைக்காத மீன் சாதனையில் சேராதே) என்ற கேள்விக்கு எதிரே “வாயில்” என்று எழுதியிருக்கிறீர்கள். குண்டு குண்டாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. கை கூசவே இல்லையா உங்களுக்கு?

இந்த மீனைப் பிடித்த அன்றைக்குப் படகில் நான் ஏன் இருந்தேன் என்பதாவது ஞாபகம் இருக்கிறதா? உங்கள் கூட்டாளி டெல்மர் கழன்றுகொண்டதால். முதுகுவலி என்று உங்களிடம் சொன்னான். தபால் நிலையத்தில் என்னிடம் உண்மையைச் சொன்னான்: “மூச்சு விடாதே, மீன் கலையுதுங்கறான் அக்கா. நானும் மனுஷன்தானே, எவ்வளவு நேரம் விடாம இருக்கறது?” ஒன்பது வருஷம் உங்களோடு ஒரே படகில் இருந்தவன். தண்ணீருக்குள் நிற்கும் மீனை அப்படியே திரையில் காட்டும் அந்த நேரடி சோனார் பெட்டி வந்த நாளிலிருந்து நீங்கள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லையாம், திரையைத்தான் பார்த்தீர்களாம். எனக்கு அது புதுச் செய்தியா என்ன?

அந்தப் பெட்டிக் கம்பெனிக்காக நீங்கள் அங்கே என்ன பிரசங்கம் பண்ணுகிறீர்கள் என்று எனக்கு மனப்பாடம். சின்ன கிராப்பி மீன்கள் தண்ணீருக்குள் கிடக்கும் முள்செடிக் குவியலுக்குள் கும்பலாக அடையும். பெரியது தனியாகத் திறந்த தண்ணீரில் நிற்கும். திரையில் கும்பலை விடு, ஒற்றையாகத் தடிமனாக நிற்பதைத் தேடு. இருபத்தைந்து அடிக்குமேல் நெருங்காதே. ஜிக்கை, அதாவது ஈயக்குண்டு வைத்த பொய் இரை முள்ளை, அதன் தலைக்கு மேலே நிறுத்து, கீழே ஒருநாளும் இறக்காதே, ஏனென்றால் கிராப்பி மேலே பார்த்துத்தான் சாப்பிடும். மீன் கீழே நழுவினால் அதற்குப் பசி இல்லை, விட்டுவிடு. எவ்வளவு அழகான ஞானம்! இதில் ஒன்றையாவது அன்றைக்குச் செய்தீர்களா?

முதல் ஒரு மணி நேரம் திரையில் தெரிந்த ஒரு மரக்கட்டையிடம் கெஞ்சினீர்கள். “பாரு நெல்டா, அசையாம நிக்குது, கிழட்டு மீன், புத்திசாலி” என்றீர்கள். மரக்கட்டை என்றால் அசையாமல்தான் நிற்கும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மீன் கலையும் அல்லவா?

அப்புறம் இது வந்தது. நிஜமான மீன். பாலத்துக்கு வடக்கே பன்னிரண்டு அடி ஆழத்தில், தனியாக. திரையில் அதையும் பார்த்தேன், அதன் தலைக்குமேல் உங்கள் ஜிக் ஆடுவதையும் பார்த்தேன். எனக்கே மனசு அடித்துக்கொண்டது, பொய் சொல்வானேன். அது மேலே வந்தது, முகர்ந்தது, திரும்பிக்கொண்டது. நிறம் மாற்றினீர்கள். முகர்ந்தது, திரும்பிக்கொண்டது. மீன்குஞ்சைக் கோத்துப் போட்டீர்கள். அதையும் வேண்டாம் என்றது. நழுவிப்போனால் நீங்களும் பின்னாலேயே மோட்டாரைத் திருப்பினீர்கள். இரண்டு மணி நேரம், கார்லிஸ்! வேண்டாம் என்று இத்தனை மரியாதையாகச் சொன்ன ஒரு ஜீவனை நான் பார்த்ததே இல்லை.

கடைசியில் நீங்கள் செய்ததையும் நான் திரையில்தான் பார்த்தேன். ஜிக்கை மீனுக்குக் கீழே இறக்கினீர்கள். அது உடம்புக்கு அடியில் வந்ததும் பக்கவாட்டில் ஒரே வெட்டு வெட்டி இழுத்தீர்கள். “மாட்டிடுச்சு! வலை, வலை!” என்று கத்தினீர்கள். வலையில் விழுந்ததைப் பார்த்தேன். முள் முதுகுத் துடுப்புக்குக் கீழே, வலது பக்கம். வயிறு முட்ட முட்டை வேறு. நீங்கள் ஒரு நொடி என்னைப் பார்த்தீர்கள். அந்த மாதம் பூராவும் நீங்கள் என்னைப் பார்த்தது அந்த ஒரு நொடிதான். பிறகு முள்ளைக் கழற்றிவிட்டுச் சிரித்தீர்கள்.

மளிகைக் கடையில் இறைச்சித் தராசில் வைத்தபோது கடைக்கார எர்னஸ்டீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். “மூணு பவுண்டு ஆறு அவுன்ஸ். ஏம்ப்பா கார்லிஸு, இந்த மீன் முதுகாலயா சாப்பிடும்?” என்று கேட்டாள். நீங்கள் கொஞ்சமும் தயங்காமல், “வலையில கிழிஞ்சிடுச்சு” என்றீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். “ஆமா, வலைதான்” என்றேன். ரப்பர் வலை! ரப்பர் எந்தக் காலத்தில் மீனைக் கிழித்தது? எர்னஸ்டீன் மீனைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, “நல்லா இருங்க” என்றாள். அன்றையிலிருந்து அந்தக் கடையில் ரொட்டி வாங்க எனக்குக் கால் வரவில்லை. எட்டு மைல் தள்ளிப் போய் வாங்குகிறேன்.

உங்களை மட்டும் காறித் துப்பினால் நியாயம் இல்லை. அருமையான அந்தப் போட்டோவை எடுத்துப் பாருங்கள், அங்கே ஆள் உயரத்துக்குத் தொங்கவிட்டிருப்பார்களே. மீனின் நடுவில் தாங்கியிருப்பது என் கை. என் கட்டைவிரல் எங்கே இருக்கிறது, பாருங்கள். சரியாக அந்த ஓட்டையின்மேல். “மறை” என்று நீங்கள் சொல்லவில்லை. கண்கூடக் காட்டவில்லை. தூண்டில் கடைக்காரர் படம் எடுக்கப் போனை நீட்டியதும் விரல் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. பன்னிரண்டு வருஷப் பழக்கம். உங்களுக்குக் காய்ச்சல் என்று பாஸ்டரிடம் சொன்ன ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனை? என் பிறந்தநாளுக்கு நீங்கள் விருந்து கொடுத்ததாக என் தங்கையிடம் அளந்தது? அவ்வளவையும் மூடி மூடி, இந்த விரலுக்கு இப்போது சொல்லவே வேண்டாம், அதுவே தேடிப் போகிறது. உங்களைப் பார்த்து வந்த அருவருப்பைவிட இதைப் பார்த்து வந்ததுதான் அதிகம். வாயால் சொன்னதும் விரலால் மறைத்ததும் போதும். என் பெயரை எழுதிப் பொய் சொல்ல என்னால் ஆகாது.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். “வாயில்” என்பதை அடித்துவிட்டு, முள் தைத்த இடத்தைத் தைத்தபடியே எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே சாட்சி என்ற கோட்டில் என் முழுப்பெயர் இருக்கிறது. சங்கத்துக்கு நான் அனுப்பவில்லை. அனுப்புவதோ கிழிப்பதோ உங்கள் பாடு. இன்னொரு படிவம் வாங்கி வேறு யாரையாவது சாட்சியாகப் பிடிக்கவும் உங்களுக்குச் சாமர்த்தியம் உண்டு. அப்படிச் செய்தால் எனக்குத் தெரியவரும். ஊர் சின்னது.

ஒன்றுதான் கேட்கிறேன். இத்தனை வருஷத்தில் உங்களுக்கு ஒன்று கைகூடவில்லை என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை. காற்று கெடுத்தது, தண்ணீர் கலங்கியது, டெல்மர் இருமினான், நெல்டா பேசினாள். பழி போட எப்போதும் நாங்கள் யாராவது கிடைத்துவிடுகிறோம். அந்தத் தொப்பியையும் மைக்கையும் கம்பெனிக்காரர்களிடமே கொடுத்துவிட்டு ஒரு தடவை வீட்டுக்கு வாருங்கள். வந்து சமையலறையில் உட்கார்ந்து, “நெல்டா, அந்த மீன் என்கிட்ட மாட்டவே இல்லை” என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். நான் சிரிக்க மாட்டேன், யாரிடமும் சொல்ல மாட்டேன். சூடாக ஏதாவது செய்து வைக்கிறேன்.

வழியில் லாரிகள் அதிகம், நிதானமாக ஓட்டுங்கள். கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
இன்றைய தேதி வரைக்கும் உங்கள் மனைவியான
நெல்டா