சுவரில் எழுதிய சிவப்பு எண்

அன்புள்ள யாழினிக் கண்ணுக்கு,

இந்த ரோடு வந்தே தீரும்னு முதல்ல சொன்னவன் உன் மாமன்தான். நூறு பனியன் கம்பெனிக்காரங்களைத் திரட்டி, லாரிகள்ல கறுப்புக் கொடிக்குப் பதிலா கறுப்பு பனியன் கட்டி, துறைமுகம் போக நாலு வழி ரோடு கேட்டதும் நான்தான். நான் பேசுனதும் அதிகாரியே எந்திரிச்சு நின்னுட்டாருன்னா பாத்துக்கோ.

ரோடு வந்திருச்சு.

நீ சரக்கு வாங்குற பையரைப் பாக்க டெல்லி போன மறுநாள் ரோட்டுக்கு இடம் அளக்க சர்வேக்காரங்க வந்தாங்க. நெருப்பெரிச்சல் ஊர்ல நீ புதுசாக் கட்டுன கம்பெனிச் சுவத்துல, இடிக்கணும்னு சிவப்பா எண் எழுதிட்டாங்க. அவங்க போட்ட ரோட்டுக் கோடு தையல் ஹாலுக்கு நடுவால போகுது.

"ஏனுங்க, தப்பா அளந்துட்டீங்களா?"ன்னேன்.

"நீங்க கேட்ட ரோடுதானுங்க பெரியவரே"ன்னு அளக்க வந்தவன் சிரிக்கிறான்.

பனியன் கறை எடுக்கிற ஸ்ப்ரே அடிச்சு அழிச்சேன். காலையில வந்து மறுபடி எழுதிட்டாங்க. நாப்பது பேரும் தையலை நிறுத்திட்டு என் மூஞ்சியவே பாக்குறாங்க.

போன்ல சொல்ல வாய் வரலை. அதான் கம்பெனிச் சாவியோட இந்தக் கடுதாசியை வெச்சிருக்கேன். "ரோடு மேக்கால போகுது, மேப்பை என் கண்ணால பாத்தேன், பயப்படாமக் கட்டு"ன்னு சொன்னேனில்ல?

நான் எந்த மேப்பையும் பாக்கலை கண்ணு.

உன் முன்னால வந்து நிக்க முடியாத,
மாமன்