அப்பா போனில் முகம் காட்டாத காரணம்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது.

இதை எழுத உட்காரும்போது வீட்டில் இருப்பது நான், உன் அப்பா, சின்னவள், உன் மாமா, ஆக நாலு பேர். மூன்று பேருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆண்டவன் அந்த மட்டில் வைத்திருக்கிறான். நாலாவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் இரண்டு வேளை கேட்டுக்கொள்கிறேன், கேட்டது கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாய், அப்பாவுக்கு என் மேல் கோபமா, ஆறு மாதமாக முகமே காட்டுவதில்லையே, குழந்தைகூட தாத்தா சுவரைத்தான் காட்டுகிறார் என்கிறாளே, நாங்கள் வாங்கும் வீட்டுக்கு முன்பணம் கேட்டதால்தானே இப்படி என்று. அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அவர் பக்கத்து அறையில் கதவோரம் உட்கார்ந்து உன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார், நீ பேசும்போதெல்லாம் அப்படித்தான் உட்காருவார், அதனால் போனில் சொல்ல முடியாமல் எழுதுகிறேன். கோபம் இல்லை, பல். மேல்வரிசையில் முன்னால் நாலு பல் போய்விட்டது, கீழே இரண்டு ஆடுகிறது. இரண்டு வருடம் முன்பு முதல் பல் ஆடியபோதே பல் டாக்டரம்மா சொன்னார், ஈறுக்கு இப்போதே வைத்தியம் பார்த்தால் மற்றவை நிற்கும் என்று. அந்த மாதம் கூரை ஒழுகியது. பல் பொறுக்கும் கூரை பொறுக்காது என்று நான்தான் சொன்னேன், அவரும் தலையாட்டினார். இப்போது கூரை ஒழுகுவதில்லை. அந்த முடிவு என்னுடையது, அதை வேறு யார் தலையிலும் கட்டமாட்டேன்.

அவர் வேலை செய்யும் பம்ப் கம்பெனியில் அவரை ரேடியோ என்று கூப்பிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்த ரேடியோ தானாகவே சூப்பர்வைசரிடம் கேட்டு, பின்பக்கத்து கிடங்கில் தனியாக போல்ட் எண்ணும் வேலைக்குப் போய்விட்டது. வீட்டில் நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தட்டைப் போடுகிறார். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் கையால் வாயை மூடிக்கொண்டு சொல்கிறார். சின்னவள் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், அப்பா, வாயைத் திறந்து திட்டவாவது செய்யுங்கள் என்றாள், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவர் வேலைக்குக் கிளம்பவில்லை. என்ன என்று கேட்டேன். எழுந்திருக்காமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று, மணி என்ன என்பதைச் சொல்வது போலச் சொன்னார். அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. அன்றே உன் மாமாவை வரச் சொன்னேன், அவன் இங்கேயேதான் இருக்கிறான், அவரைத் தனியாக விடுவதில்லை.

முழு வாயையும் சரி செய்ய டாக்டரம்மா சொன்ன தொகை, வீட்டில் நான் சேர்த்து வைத்திருப்பதைப் போல ஐந்து மடங்கு. வட்டிக்கு வாங்க எனக்குச் சம்மதம் இல்லை. அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு பகுதியை, ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருக்கும்போதே எடுக்கலாம் என்று மாமா விசாரித்துக்கொண்டு வந்தான். பல்லுக்கு மட்டும் என்றால் தரமாட்டார்களாம். பல்லால் மனசு கெட்டிருக்கிறது என்று மனநல டாக்டரும் எழுதித் தர வேண்டும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே ஒரு தாள் கொடுத்தார்கள், தூக்கம் வருகிறதா, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லையா என்கிற மாதிரி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம். இவர் பேனாவை வாங்கி முதல் கட்டத்திலேயே மேலிருந்து கீழ்வரை ஒன்பது டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். முதல் கட்டம் என்றால் ஒருபோதும் இல்லை என்று அர்த்தம். இருபத்தெட்டு வருடமாகப் பம்ப்பை சோதித்து, குறை இல்லை என்று முதல் கட்டத்தில் டிக் போட்ட கை அது. குறைபாடு ஏதும் காணப்படவில்லை என்று எழுதி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமா படித்துவிட்டு, "அத்தான் தனக்கே பாஸ் போட்டு, கம்பெனி கேட்டுக்கு வெளியே அனுப்பிட்டாரு அக்கா" என்றான். அப்பாவுக்கும் சிரிப்பு வந்தது, உடனே கை வாய்க்குப் போய்விட்டது.

இரண்டாவது தடவை நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன், வீட்டுக் கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அதில் இல்லாததுதான் முக்கியம் என்று டாக்டரிடம் சொன்னேன். முடி வெட்டுகிற செலவு ஐந்து மாதமாக இல்லை, சின்னவள்தான் வீட்டில் கத்தரிக்கிறாள். கேன்டீன் டீக்குக் கொடுக்கும் சில்லறை அப்படியே திரும்பி வருகிறது. சொந்தத்தில் இரண்டு கல்யாணம், மொய் போயிருக்கிறது, பஸ் கட்டணம் ஒருவருக்கு மட்டும். டாக்டர் சின்ன வயசுக்காரர், அவசரப்படாமல் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், முடி வெட்டிக்கொள்ள ஏன் போகவில்லை என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அப்பா வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார், "நாற்காலியில உக்காந்தா நேர் எதிர்ல கண்ணாடி இருக்குங்க. முடிக்கிற வரைக்கும் எந்திரிக்க முடியாது." டாக்டர் புதுத்தாள் கொடுத்தார், இந்தத் தடவை அவரே ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். டாக்டர் கடிதம் கிடைத்துவிட்டது. வாரம் ஒருநாள் வந்து பேச வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார், இரண்டு தடவை போய் வந்தோம்.

இப்போது எல்லாக் காகிதமும் மேஜை மேல் இருக்கிறது, அப்பா கையெழுத்து மட்டும் இல்லை. ஓய்வு பெற்றதும் அந்தப் பணம் உன் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டாராம், சொன்ன வாக்கைப் பல்லுக்காக மாற்றினால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்கிறார். இப்போதும் விழிக்கவில்லையே என்றேன். உண்மையை எழுதுகிறேன், இப்போது எடுத்தால் உனக்குச் சொன்னதில் பாதிதான் மிஞ்சும். நீங்கள் அதை நம்பிக் கடன் வாங்கி அச்சாரம் கொடுத்திருப்பதும் எனக்குத் தெரியும். அதனால் இப்படித்தான் செய் என்று நான் சொல்லவில்லை. மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பேசு, குழந்தை தூங்கிய பிறகு பேசு, கோபமாக இருக்கும்போது பேசாதே. உனக்கு எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன், வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

குளிர் காலம் வருகிறது, குழந்தைக்குக் காதை மூடி அனுப்பு. அவளை ராத்திரி பல் தேய்க்க வைக்க மறந்துவிடாதே, நீயும் கடைசியாக எப்போது பல் டாக்டரிடம் போனாய் என்று யோசித்துப் பார். மூன்று பேரையும் ஆண்டவன் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும்.

டாக்டர் கடிதம் முப்பது நாள்தான் செல்லும், பன்னிரண்டு நாள் போய்விட்டது. சரி என்றாலும் முடியாது என்றாலும் எனக்கு எழுதாதே, அப்பா பெயருக்கு எழுது. இந்த வாரமே எழுது.

இப்படிக்கு,
அம்மா