வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

இஞ்சாருங்கோ, ரதியின் அப்பா,

நாற்பத்திரண்டு வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்திலும் வேறொன்று வரவில்லை. ஒரு செய்தி இருக்கிறது. உங்கள் கணக்கில் பிழை இல்லை. பிழை என்னுடையது. நான் இதை லேசில் சொல்லுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ரதி லீவில் வந்து உங்கள் அலுமாரியைத் திறந்தாள். பல்கலைக்கழகத்தில் அவளும் இப்போது நீரோட்டம்தான் படிப்பிக்கிறாள். திருகோணமலைத் துறைமுகத்து எண்ணெய்க் குழாய்களோடு காலம் கழித்த நீங்கள், பென்சன் எடுத்தபிறகும் விடாமல், பின் விறாந்தையில் ஒரு தண்ணீர்த் தொட்டியோடு கண்ணாடிக் குழாய் பூட்டி, ஓடும் தண்ணீருக்குள் நீல மை விட்டுப் பார்த்தீர்களே, அதை எழுதிவைத்த கொப்பிகள் அவள் கையில் கிடைத்தன. மெதுவாக ஓடும்போது மை நூல்போல நேரே போகும். வேகம் கூடக்கூட, ஒரு கட்டத்தில் நடுங்கிக் குழம்பிக் குழாய் முழுக்கப் பரவும். அந்தக் கட்டம் எது என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு சமன்பாடு வேண்டும் உங்களுக்கு. அதற்காக ஏழு வருடம்.

திங்கள் பொருந்தும், புதன் பொருந்தும். வெள்ளி மட்டும் பொருந்தாது. எவ்வளவு வேகம் கூட்டினாலும் மை நேராகவே போகும்.

"உம்மட விரதப் பேய் குழாய்க்குள்ள பூந்திட்டுது, மனோ" என்று சிரிப்பீர்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. ஒருநாள் வெள்ளிப் பக்கங்களைக் கிழிக்கப் போனீர்கள்.

"கிழிக்காதேங்கோ. அடிமட்டம் வைச்சு ஒரு கோடு போடுங்கோ. வெட்டினதும் வாசிக்க ஏலுமாய் இருக்கோணும்." கொன்வென்டில் சிஸ்டர்மார் பழக்கிய முறை.

"ஓம் டீச்சர்" என்று நக்கலடித்தபடியே கோடு போட்டீர்கள். கொப்பியையும் மூடினீர்கள். தோற்றுவிட்டதாக நினைத்தபடியே போயும் விட்டீர்கள்.

வெட்டிய அந்த எண்களை ஒரு பகல் முழுக்கப் பார்த்துவிட்டு ரதி குசினிக்குள் வந்தாள்.

"அம்மா, வெள்ளிக்கிழமையில அப்பாக்கு ஆர் தண்ணி நிறைச்சது?"

"நான்தான். மற்ற நாளில அவர் பைப்பைத் திறந்து அப்பவே நிறைப்பார். வெள்ளி வீடு கழுவுற நாளெல்லோ, பைப் எனக்கு வேணும். வியாழன் பின்னேரமே தொட்டியை நிறைச்சிடுவன்."

"அப்பாக்குச் சொன்னனீங்களோ?"

"தண்ணி நிறைக்கிற கதையெல்லாம் ஒரு மனுசனுக்குச் சொல்லுறதோ?"

அவள் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு விளக்கினாள். ஒரு இரவு அசையாமல் அடங்கியிருந்த தண்ணீர், அதிக வேகத்திலும் லேசில் குழம்பாதாம். உங்கள் சமன்பாட்டில் வேகம் இருந்தது, குழாயின் அகலம் இருந்தது. நுழையும்போதே தண்ணீருக்குள் எவ்வளவு அலைவு இருந்தது என்பது மட்டும் இல்லை. ரதி அதையும் சேர்த்தாள். வெள்ளியும் பொருந்தியது.

ஏன் நீங்கள் ஒரு தடவையாவது கேட்கவில்லை? நான் ஏன் சொல்லவில்லை? ஆனாலும் என் சொல்லைக் கேட்டு அந்தப் பக்கங்களை விட்டுவைத்தீர்களே, அதற்கு நன்றி. கிழித்திருந்தால் ரதியின் கையில் என்ன இருந்திருக்கும்?

போன வியாழன் பின்னேரம் தொட்டியை நிறைத்தேன். வெள்ளி காலை ரதி குழாயைத் திறந்தாள். நீல நூல் நேரே போனது. அன்று நான் வீடு கழுவவில்லை.

ரதி எழுதும் கட்டுரையில் உங்கள் பெயர்தான் முதலில் வரும். வெள்ளிக்கிழமை எண்களை நானே என் கையெழுத்தில் பிரதியெடுத்துக் கொடுப்பேன், ஒரு கோடும் இல்லாமல். கீழே இதையும் எழுதுவேன்: தண்ணீர் முதல்நாள் பின்னேரம் நிறைக்கப்பட்டது. நிறைத்தவர், மனைவி.

உங்கள் மனைவி,
மனோன்மணி