உனக்குப் பிறகு நான் கழுத்தைக் கொடுத்த ஆள்

என் அன்பு மச்சான் குணம்,

வெயிலுக்குள் நின்று மதில் கட்டியே காய்ந்து போன ஆள் நீ. இப்போது இருக்கிற இடத்திலாவது நல்ல நிழல் கிடைத்ததோ?

நீ போய் வருஷம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்குப் பேப்பரில் உன் படத்தைப் போட நாலு வரி எழுதித் தரச் சொல்லி உன் வீட்டில் கேட்டார்கள். நாலு வரிக்குள் நிற்க எனக்கு ஏலாது. அதனால் பேப்பர்க்காரரிடம் கொஞ்சம் இடம் கேட்டு, ஊர் பார்க்க உனக்கே எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி. என் கழுத்து இன்னும் தலையையும் உடம்பையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது.

வாசிக்கிற ஆட்களுக்கும் விளங்க வேண்டும். அம்மன் கோயில் திருவிழாவில் சிலம்படி முடிந்ததும் வெள்ளரிக்காய் வெட்டு நடக்கும். ஒருவன் மல்லாந்து கிடப்பான். அவன் தொண்டைக்குழியில் ஒரு வெள்ளரிக்காய். மற்றவன் கண்ணைக் கட்டிக்கொண்டு வாளால் ஒரே வெட்டு. காய் இரண்டாக வேண்டும், தோலில் கீறல் விழக்கூடாது. வெட்டுகிறவன் நீ, கிடக்கிறவன் நான். வருஷக்கணக்காக அப்படித்தான்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். வேலணையில் பெட்டிக்கடை போட்டுத் தொடங்கினவன். தட்டாமல் தேங்காய் வாங்க மாட்டேன். என் மனுசியின் தமையன் நிறுத்துத் தந்த சீனியையே திருப்பி நிறுத்தவன். "ஒருத்தரையும் நம்பாத நீ என்னை மட்டும் ஏன்ரா நம்புறாய்?" என்று ஒரு நாள் கேட்டாய். "நீ கட்டின மதில் ஒண்டும் இன்னும் விழேல்லை" என்றேன். வேறு காரணம் எனக்கும் தெரியவில்லை.

சரக்கெடுக்க யாழ்ப்பாணம் போகும் நாளில் நீயும் பஸ்ஸில் தொற்றிக்கொள்வாய். சாமானைக் கட்டி வைத்துவிட்டு மெட்னிக் காட்சிக்கு ஓடுவோம். இங்கிலீசுப் படம், முகமூடி போட்ட வீரன், கூரைக்குக் கூரை பாய்ச்சல். பேசுவது ஒன்றும் விளங்காது, ஆனால் கலரியில் நீ போட்ட விசில் மண்டைதீவு வரைக்கும் கேட்டிருக்கும். "அவன்ரை முகமூடியிலை ரெண்டு ஓட்டை இருக்கு, என்ரை கண் கட்டிலை ஒண்டுமில்லை. ஆர் பெரிய வீரன், சொல்லு பாப்பம்!" என்று திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் இருந்த சனத்திடம் நியாயம் கேட்டாய்.

மாடி விளிம்பில் தொங்கிய ஒரு பெட்டை, கீழே நின்ற வீரன் கையை நீட்டியதும் பிடியை விட்டாள். எல்லோரும் அவனுக்குக் கை தட்ட, நீ மட்டும், "கையை விட்டாளே, அவளுக்குத் தட்டுங்கோடா" என்று கத்தினாய். அன்று சிரித்தேன்.

அந்த வீரன் திரையில் வரும்போது ஒரு வாத்தியம் முழங்குமே, "டட்டடா டாங்" என்று. திருவிழாவில் வெட்டுக்கு முன்னர் நீ அதைத்தான் முணுமுணுப்பாய். எனக்கு மட்டும் கேட்கும். உடனே மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. "அந்த விளையாட்டு குணத்தாரோடை முடிஞ்சுது" என்று கோயில்காரர் சொன்னார்கள். அப்போது நாகலிங்கம் வாயைத் திறந்தார். ஆரென்று தெரியும்தானே? என் கடைக்கு நேர் எதிரே கடை போட்டிருக்கிற அதே நாகலிங்கம். இப்போது பிளாஸ்டிக் வாளியும் இறக்கிப் போட்டு என் அலுமினிய வாளிகளைத் தூங்க வைத்திருக்கிறார். சிலம்படி எங்களோடு பழகினவர், அதை மறுக்க ஏலாது.

"வெட்ட நான் றெடி. படுக்கத்தான் ஆம்பிளை வேணும்" என்றார், சந்தியில் எல்லோருக்கும் கேட்க.

"நான் படுக்கிறன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. ரோசம் மச்சான், வேறென்ன?

வீட்டில் என் மனுசி பூமணி அகப்பையைப் போட்டுவிட்டு வந்தாள். "அந்தாள் உங்கடை யாவாரத்தை வெட்டினது காணாதெண்டு கழுத்தையும் குடுக்கப் போறியளோ?"

அவருடைய கடைக்குப் பின்னால் பழகினோம். கம்படியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வெட்டுப் பழக என் கழுத்தை நான் கொடுக்கவில்லை. மணல் மூட்டையில் வெள்ளரிக்காயை வைத்து வெட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். "நீர் என்ரை கையை நிறுத்துப் பாக்கிறீர் காணும். தராசு கொண்டரட்டோ?" என்றார்.

திருவிழா அன்று பாயில் படுத்தேன். மேளம் நின்றது. அவர் வாள் நுனியால் காயைத் தொட்டு அளவு பார்த்தார். இரண்டடி பின்னுக்குப் போனார். நான் உன் "டட்டடா டாங்"குக்குக் காத்துக்கொண்டு கிடந்தேன், விசரன் மாதிரி.

"அப்ப, வாறன்" என்றார்.

சிலம்படிக்காரனுக்கு அதன் அர்த்தம், அடி வருகிறது, கவனம். ஆனால் வந்த வீட்டிலிருந்து எழும்பிப் போகும்போதும் நாங்கள் அதைத்தானே சொல்கிறோம்? என் காதில் விழுந்தது இரண்டாவது. ஆள் பயந்துபோய்க் கழன்று ஓடப் பார்க்கிறார் என்று நினைத்துவிட்டேன். தலையைத் தூக்கி, "எங்கை காணும் போறீர்?" என்று கத்தினேன்.

காய் உருண்டு விழுந்தது. வாள் அவர் தலைக்கு மேலே, இறங்கப் புறப்பட்ட இடத்தில், அப்படியே நின்றது.

கண் கட்டைப் பிடுங்கி எறிந்தார். "கோதாரி! ஏன் காணும் எழும்பினீர்?"

"நீரல்லோ வாறன் எண்டனீர்!"

"வெட்ட வாறன் எண்டு சொன்னனான்!"

"ஆர் அப்பிடிச் சொல்லுறது? குணம் பாட்டெல்லோ படிக்கிறவன்!"

சனம் இதையும் விளையாட்டென்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து மெல்லக் கேட்டார். "உம்மடை மூச்சை வைச்சுத்தான் அளவு பிடிச்சனான். குரல் வேறை இடத்திலை கேட்டுது, அதாலை நிண்டிட்டன். இதோடை விடுவமே?"

விட்டிருக்கலாம். ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் அவருடைய கையைப் பார்த்தேன். வாளை ஓங்கும்போது அசையாத கை, இப்போது நடுங்கிக்கொண்டிருந்தது. என் கழுத்துக்காகப் பயந்த கை. எனக்கு அது போதும். "கண்ணைக் கட்டும் காணும்" என்று சொல்லிப் படுத்தேன்.

"வாறன்."

"வாரும்."

கழுத்தில் குளிராக ஏதோ வழிந்தது. தடவிப் பார்த்தேன். வெள்ளரிக்காய்த் தண்ணீர்! மச்சான், நீ போன நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை ஆரோ தூக்கி எடுத்தது போல இருந்தது. கிடந்தபடியே சிரித்தேன், எழும்ப மனம் வரவில்லை. பூமணியும் அப்போதுதான் மூச்சு விட்டாளாம்.

போன கிழமை நானும் நாகலிங்கமும் படம் பார்க்கப் போனோம். இப்போது வருகிற வீரன் பாய்வதில்லை, பறக்கிறான். "இவன் எங்கடை பக்கம் பிறந்திருந்தால் அனலைதீவுக்கு வள்ளம் தேவையில்லை" என்றார். நானும் விசில் அடித்துப் பார்த்தேன், காற்றுத்தான் வந்தது. விலை விஷயத்தில் அவரை இன்னும் நம்பவில்லை, அது வேறு கணக்கு.

படம் முடிந்து வெளியே வந்ததும் ஒரு குண்டு போட்டார். "வாற வருஷம் நீர் கண்ணைக் கட்டும். நான் படுக்கிறன்."

அன்றிலிருந்து நித்திரை குறைந்துவிட்டது. கிடப்பது லேசு மச்சான், இப்போதுதான் தெரிகிறது. இவ்வளவு வருஷமும் என்னைக் கிடத்திவிட்டு நீ எப்படி நின்றாய்? வெட்டு முடிந்ததும் கிணற்றடிக்குப் போய்விடுவாயே, கை கழுவவோ, நடுக்கத்தை மறைக்கவோ?

மணல் மூட்டையில் பழகத் தொடங்கிவிட்டேன். அது சரிவராவிட்டால் வாளைத் தொடவே மாட்டேன், ரோசத்துக்காக இறங்க மாட்டேன். இறங்கினால், அந்த மனுசனுடைய கழுத்தில் ஒரு கீறலும் விழாது. இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் வாளுக்குக் கீழே பயமில்லாமல் கிடந்த,
கூடப் பிறக்காத தம்பி,
கடைக்காரச் செல்லையா