மதுரையிலிருந்து மெல்போர்ன், பதினோரு மணி நேரம்

சண்டைக்கும் சமாதானத்துக்கும் எனக்கென்று இருந்த ஒரே அக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. அழுது முடித்துவிட்டேன், கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் பெரும்பங்கு உன்மேல்தான்.

நான் மெல்போர்னுக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் வீட்டு அடுப்படியில் நின்றபடியே போனில் தேடினாய். மதுரை விமான நிலையத்திலிருந்து எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், பதினோரு மணி நேரம் என்று வந்தது. "இம்புட்டுத்தானாலே! நம்மூர்லேருந்து மெட்ராஸ் போற பஸ்ஸு நேரம்" என்று சிரித்தாய். தெரு முழுக்க அதையே சொல்லித் திரிந்தாய். நடுவில் எங்கும் இறங்காமல் பறந்தால்தான் அந்த நேரம். அப்படி ஒரு விமானமே கிடையாது, அக்கா.

அதை நம்பித்தானே நோயை என்னிடம் மறைத்தாய்? "அவன்கிட்ட இப்பச் சொல்லாதிய. ஏதும்னா பதினோரு மணி நேரத்துல வந்து நின்னுருவான்" என்றாயாமே அத்தானிடம். மூன்று மாதம்! வாரம் தவறாமல் வீடியோவில் சிரித்துப் பேசினாயே, எப்படி மனசு வந்தது?

வெள்ளிக்கிழமை விடிகாலை, நீ போய்விட்டாய் என்று அத்தான் போன் செய்தார். சிங்கப்பூரில் விமானம் மாறி, மதுரையில் இறங்கி, வீடு வந்து சேர மறுநாள் மதியமாகும் என்றேன். அத்தான் காத்திருக்கத் தயார்தான். ராஜபாளையத்திலிருந்து வந்த பெரியப்பாதான் போனை நீட்டியிருக்கிறார். "இந்தா, பதினோரு மணி நேரம்னு போட்டுருக்கு. பொழுது சாயமுன்ன வந்துருவான். நாளைக்குச் சனிக்கிழமை, ஆகாது."

சாயங்காலம் வரை பார்த்துவிட்டு உன்னை எடுத்துவிட்டார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கடைசிச் சேலையைப் பிறந்த வீட்டிலிருந்து கூடப்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டும். அந்தக் கோடியைப் பெரியப்பா மகன் போர்த்தினான். நான் அப்போது கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தேன், பொங்கலுக்கு உனக்கென்று எடுத்துவைத்திருந்த பச்சைச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு. சிங்கப்பூரில் போனைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

மறுநாள் வாசலிலேயே பெரியப்பா மறித்தார். "மெட்ராஸ்லேருந்து வார நேரந்தானலே. எங்கன நின்னுட்டு வாரே?" அவரை என்ன சொல்ல? நீ ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த பாடம்தானே?

நேற்றும் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கொஞ்சமும் கூசாமல் அதே பதினோரு மணி நேரம்! உன் அடுப்படிக் காலண்டரில், 'மாமா வர முப்பது மணி நேரம். காய்ச்சல் என்றாலும் உடனே சொல்லணும்' என்று எழுதச் சொன்னேன் உன் மகளிடம். எழுதிவிட்டு அவள் கேட்டாள், "இதை ஏன் மாமா அம்மாகிட்ட சொல்லல?"

எனக்கு அன்றைக்கே தெரியும், அக்கா. பக்கத்தில்தான் போகிறேன் என்று நினைத்தால் நீ அழாமல் வழியனுப்புவாய். அதற்காக வாயை மூடிக்கொண்டேன். நீயும் அழவில்லை.

உன் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரோடு ஒரு மாதம் முன்பே வந்து நிற்பேன். இது சத்தியம். பச்சைச் சேலை மட்டும் பிரிக்காமல் என்னிடமே இருக்கும்.

கோடி போர்த்தாத
உன் தம்பி